வைக்காமல் விட்ட கடதாசி வில்லை

அரைத்தட்டு என்ற யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். நடந்ததைக் கேட்ட என் சிநேகிதி, "மேலை இருந்த ஆக்கள் சொல்லியிருப்பினம், நீ என்ன செய்வாய்" என்று நான் தப்பிப்போக ஒரு வாசலைத் திறந்துவிட்டாள். நல்ல மனம்தான். ஆனால் மேலே இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானே யோசித்தேன், நானே கோடு கிழித்தேன், பிறகு நானே பெருமையும் பட்டேன். ஒரு மாதத்துக்குள் அந்தப் பெருமை, என் அக்காவின் கணவருடைய கால் நிற்குமா போகுமா என்ற கேள்வியில் வந்து நின்றது.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற தெருவொன்றில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள் நாலு பேர். இப்போது அது இல்லை. அந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். இரத்தமும் சிறுநீரும் மற்ற மேசைகளுக்குப் போகும். எனக்கு வருவது சளியும் சிதளும். புண்ணிலிருந்து வடிகிற சீழைத்தான் எங்கள் பக்கத்தில் சிதள் என்போம். அதில் என்ன கிருமி வளர்கிறது, அதை எந்த மருந்து கொல்லும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

செய்முறை பெரிய வித்தையில்லை. மூடியுள்ள வட்டத் தட்டொன்றில் ஏகார் என்ற பாசிக்கூழ் உறைந்திருக்கும். அதன்மேல் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் தடவி, மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் கடதாசி வில்லைகளைச் சாவணத்தால் எடுத்து வைப்போம். ஒவ்வொரு வில்லையும் ஒவ்வொரு மருந்து. விடியும்வரை இளஞ்சூட்டுப் பெட்டியில் கிடக்கும். காலையில் பார்த்தால் கிருமி தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். எந்த வில்லையைச் சுற்றி அது வளராமல் வெறும் வட்டமாக இருக்கிறதோ அந்த மருந்து வேலை செய்யும். அடிமட்டத்தை வைத்து வட்டத்தை அளந்து எழுதுவோம். எனக்கு அந்த வட்டங்கள் பிடிக்கும். ஒன்றோடொன்று முட்டாமல் வடிவாக விழுந்திருந்தால் அன்றைக்கு என் கோபம் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று கூட வேலைசெய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

பெற்றோலுக்கு ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்த வருடம் அது. கொழும்பிலிருந்து ஏகார் தூள் வருவது நின்றுபோனது. வில்லைகளும் அப்படித்தான். ஒரு டப்பாவின் அடியில் கொஞ்சத் தூள் மிச்சம். முதலாளி, "சிதள் பாக்கிறதைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவம்" என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நிறுத்தினால் டொக்டர்மார் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பார்கள் என்று சண்டை பிடித்தேன். அன்று மத்தியானம் தட்டொன்றைக் கவிழ்த்து, அடியில் மார்க்கர் பேனையால் நடுவில் கோடு கிழித்தேன். ஒரு தட்டு, இரண்டு நோயாளிகள். ஆளுக்கு ஆறு வில்லை வைத்த இடத்தில் மூன்று. எந்த மூன்று என்பதற்கும் நானே ஒரு சட்டம் போட்டேன்: கொடுக்காத மருந்துக்கு வில்லை இல்லை.

சொல்லக் கேட்க எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது பாருங்கள். முதலாளி என் முதுகில் தட்டாத குறை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு சவர்க்காரத்தை நூலால் அறுத்து இரண்டு வீட்டுக்குப் பங்கிட்ட கை இது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று அம்மா எதையும் எறிய விடமாட்டா. அந்தப் படிப்பு அந்த வருடம் உதவியது என்றுதான் நினைத்தேன்.

வெட்டிய பட்டியலில் எரித்திரோமைசின் என்ற மருந்தும் இருந்தது. எங்கள் பக்கத்து டொக்டர்மார் புண்ணுக்கு அதைக் கொடுப்பதை விட்டுப் பல காலம். ஆகவே வேண்டாம் என்று ஒரு கீறு.

அத்தான் வேலை செய்தது படகு திருத்தும் முற்றமொன்றில். சுழியோடி. துறைமுகத்துக்குள் கிடக்கும் படகுகளின் அடியில் இறங்கி, ஒட்டிக் கிடக்கிற சிப்பியைச் சுரண்டுவது, சிக்கிய கயிற்றை அறுத்து விசிறியை விடுவிப்பது, விழுந்த நங்கூரத்தைத் தேடிக் கொண்டுவருவது. நாற்பத்தைந்து வயதிலும் இளம் ஆட்களை விட மூச்சுப் பிடிப்பார். தரையில் நடக்கும்போது ஏதோ தயக்கம் இருப்பதுபோல் நடப்பார். தண்ணீருக்குள் இறங்கினால் ஆளே வேறு என்று அக்கா சொல்லுவா. அவருக்குச் சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வசனமாக அதைச் சொல்லிவிடுவார்.

சிப்பி வெட்டியது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில். கடலில் வேலைசெய்கிறவனுக்கு அது காயமே இல்லை. துவாயால் கட்டிக்கொண்டு அடுத்த நாளும் இறங்கினார். இரண்டு கிழமைக்குள் கால் வீங்கி, தோல் மினுங்கி, பாலையூற்றில் இருந்த வீட்டில் காய்ச்சலோடு படுத்துவிட்டார். பெற்றோல் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் பின்னால் ஏற்றி உருட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்புக்குள் சிதள் கட்டியிருக்கிறது என்று டொக்டர் கீறி, சோதனைக்குக் கொஞ்சத்தைப் போத்தலொன்றில் எடுத்தார். அதைச் சோதிக்க அங்கேயும் தட்டுப்பாடுதான். அக்கா அந்தச் சின்னப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்து, எங்கள் மாடிப்படி ஏறி வந்தா.

"உன்ரை கையாலை செய்," என்றா. "வேறை ஆரிட்டையும் குடுக்காதை."

என் கையாலேயே செய்தேன். கோடு கிழித்து, ஒரு பக்கத்தில் மூதூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் சளிக் கிருமி, மறுபக்கத்தில் அத்தானுடையது. அன்றுபோல் நான் கவனமாகத் தடவிய நாள் இல்லை. மூன்று வில்லைகளில் ஒன்று பென்சிலின் இனத்துக்கு உரியது. அந்த இனமே ஒத்துவராதவருக்கு அது எதற்கு என்று அதையும் வைக்காமல் மிச்சம் பிடித்தேன். இரண்டே இரண்டு வில்லை. மூன்றாவது வைக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது.

காலையில் பார்த்தபோது ஒரு வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. மற்றது கிளின்டமைசின். அதைச் சுற்றிக் காம்பஸ் வைத்துக் கீறியதுபோல் பெரிய, சுத்தமான வட்டம். எலும்புக்குள் நன்றாக இறங்குகிற மருந்து அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அளந்து, "கிளின்டமைசின் வேலை செய்யும்" என்று எழுதி, தட்டச்சுக்கும் காத்திராமல் கையெழுத்துப் போட்டு, நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கிருமியில் கொஞ்சத்தை வழக்கம்போல் ஒரு குழாயில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன்.

முதல் கிழமை சந்தோஷம்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் அத்தான் கட்டிலில் எழும்பி இருந்து, மீன்குழம்பு வேணும் என்று அக்காவை அரியண்டப்படுத்தினார். டொக்டர் கிண்ணியாப் பக்கத்து மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். அவரே என்னைக் கண்டு, "உங்கட ரிப்போட் உதவினது" என்றார். நான் அந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவுச் சாப்பாட்டோடு வைத்துச் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் பின்னேரம் குளிர்காய்ச்சல். பதினோராம் நாள் கட்டு நனைந்து மணத்தது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ரிப்போட்டில் வேலை செய்யும் என்று இருக்கிறதே, ஏன் விடப்போகிறார்கள்? பதின்மூன்றாம் நாள் அக்கா திரும்பவும் போத்தலோடு வந்தா. போத்தலை மேசையில் வைத்துவிட்டு வாசலில் இருந்த கதிரையில் இருந்துவிட்டா.

அடுத்த நாள் காலை தட்டைத் திறந்தேன். கிளின்டமைசின் வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்து கிடந்தது. வட்டம் என்று சொல்ல ஒரு நூலளவு இடமும் இல்லை. அதே மனிதர், அதே கால், அதே கிருமி. பதினாலு நாளில் பெரிய வட்டம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தெரியாத விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. படித்த காலத்தில் பரீட்சையில் கேட்டு, படம் கீறிக் காட்டி, நிறையப் புள்ளி வாங்கிய விஷயம்.

இந்தக் கிருமியினத்தில் சிலவற்றுக்குள் ஒரு மரபணு இருக்கும். அது வேலை செய்தால் எரித்திரோமைசினும் கிளின்டமைசினும் இரண்டும் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த மரபணு எப்போதும் வேலை செய்வதில்லை. எரித்திரோமைசின் கிட்ட வந்தால் மட்டும் எழும்பும். கிளின்டமைசின் வந்தால் எழும்பாது, கிருமி சாகும். அதனால் தட்டில் கிளின்டமைசினைத் தனியாக வைத்தால் வட்டம் அழகாக விழும். எரித்திரோமைசின் வில்லையைப் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும். அந்தப் பக்கத்தில் இருக்கும் கிருமி விழித்துக்கொண்டு, கிளின்டமைசினையும் எதிர்த்து வளரும். வட்டத்தின் ஒரு பக்கம் தட்டையாகி, ஆங்கில டி எழுத்துப்போல் வரும். அதைக் கண்டால் கிளின்டமைசின் கொடுக்காதே என்று எழுதவேண்டும்.

எரித்திரோமைசின் வில்லையை நாங்கள் வைத்தது அந்த மருந்தைக் கொடுப்பதற்காக அல்ல. பக்கத்தில் இருப்பவனைப் பற்றிச் சாட்சி சொல்வதற்காக. பதினெட்டு வருடம் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கை, ஒரு கீற்றால் சாட்சியை வெளியே அனுப்பிவிட்டது. பட்டியலை வெட்டும்போது அதை ஒரு மருந்தாகத்தான் பார்த்தேன். அது என்ன வேலைக்கு அங்கே இருக்கிறது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைச் செய்தேன். பிரிட்ஜில் இருந்த முதல் குழாயை எடுத்தேன். கோடு கிழிக்காமல் ஒரு முழுத் தட்டு. யாரும் கேட்டால் கேட்கட்டும். ஒரு வில்லை கிளின்டமைசின், ஒரு விரற்கடை தள்ளி எரித்திரோமைசின். அந்த இரவு எப்படிப் போனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். டி. பிள்ளைகளின் ஆங்கில அரிச்சுவடியில் அச்சடித்ததுபோல் அவ்வளவு தெளிவாக.

நேரே டொக்டரிடம் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "முதல் ரிப்போட் பிழை டொக்டர். நான் ஒரு வில்லை வைக்காமல் விட்டனான். வைச்சிருந்தால் இந்த மருந்து குடுக்க வேண்டாம் எண்டு அண்டைக்கே எழுதியிருப்பன்." அதை ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். "எலும்பு முதல்லயே மோசம்தான்," என்றார். "உங்கட ரிப்போட் சரியா இருந்தாலும் கால் தப்பியிருக்கும் எண்டு என்னால சொல்ல ஏலாது."

தப்பியிருக்காது என்றும் அவர் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

அன்றே மருந்தை மாற்றினார்கள். வன்கோமைசின். முதல் நாளிலேயே கொடுத்திருக்கக்கூடிய மருந்து. அந்தத் தட்டுப்பாட்டு நேரத்தில் அது ஆஸ்பத்திரியில் இல்லாமல் இருந்திருக்கும் என்று எனக்குள் ஒரு அற்ப ஆசை. மருந்தாளரிடம் மெல்லக் கேட்டும் பார்த்தேன். இருந்திருக்கிறது. அத்தானுக்குக் காணுமானளவு அலுமாரிக்குள் இருந்திருக்கிறது.

கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார்கள். காலை வைத்திருந்தால் ஆள் போவார், ஆளை வைத்திருக்கவேண்டும் என்றால் கால் போகவேண்டும் என்று டொக்டர் அக்காவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அக்கா கையெழுத்துப் போடும் இடத்தை என்னிடம் கேட்டா. விரலால் காட்டினேன். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள் அத்தான் போர்வையைத் தானே விலக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இனி ஒரு செருப்பு வாங்கினால் காணும்" என்றார். அக்கா வெளியே போய்விட்டா. நான் போகவில்லை. போக எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

ஆய்வுகூடத்தில் அரைத்தட்டை நிறுத்தினேன். முதலாளி, "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். ஆனைக்குச் சறுக்கினால் ஆனைதான் விழும், இங்கே விழுந்தது வேறு ஆள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடுத்த தை மாதத்தோடு வேலையை விட்டேன்.

ஆனால் அந்த இரண்டு குழாய்களையும் எறியவில்லை. முதல் நாள் கிருமி ஒன்று, பதின்மூன்றாம் நாள் கிருமி மற்றது. என்னோடு படித்த சிநேகிதி மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். நிலைமை கொஞ்சம் சீரானதும் முறைப்படி பொதிசெய்து அவளுக்கு அனுப்பினேன். எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது: இரண்டாவது கிருமி வேறெங்கோ இருந்து வந்ததா? கட்டு மாற்றியபோதோ, பக்கத்துக் கட்டிலிலிருந்தோ? அப்படியென்றால் என் பிழை பாதியாகிவிடும். இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மாதங்கள் கழித்து அவள் தொலைபேசியில் எடுத்தாள்.

"ரெண்டும் ஒரே கிருமிதான்," என்றாள். "அந்த மரபணுவும் ரெண்டிலையும் ஒண்டுதான். ஒரு எழுத்துக்கூட மாறேல்லை."

"அப்ப ஏன் ஒண்டு சாகுது, மற்றது சாகேல்லை?"

"மரபணுவிலை ஒண்டும் இல்லையடி. அதுக்கு முன்னாலை இருந்ததைப் பார்."

அவள் விளக்கினாள். மரபணுவுக்கு முன்னால் ஒரு சிறு துண்டு உண்டு. கிருமி அந்தப் பகுதியைப் படியெடுத்த உடனே அந்தத் துண்டு தன்னில் தானே மடிந்து, மரபணு வாசிக்கப்படவேண்டிய தொடக்கத்தை மூடிக்கொள்ளும். எரித்திரோமைசின் வந்தால் மடிப்பு விரியும், மரபணு வாசிக்கப்படும். மருந்து போனால் திரும்பவும் மடியும். முதல் குழாயில் இருந்த கிருமியில் அந்தத் துண்டு முழுசாக இருந்தது. இரண்டாவதில் அதில் பெரும்பங்கு இல்லை. கிருமி பெருகும்போது தவறுதலாக விடுபட்டுப்போயிருக்கிறது. மடிவதற்கு ஒன்றும் இல்லாததால் மரபணு இரவு பகலாகத் திறந்தே கிடக்கிறது.

கோடிக்கணக்கான கிருமிகளில் இப்படி ஒன்றிரண்டு எப்போதும் பிறக்கும் என்றாள். வழக்கமாக அவை பிழைக்காது. தேவையில்லாத வேலையை எந்நேரமும் செய்துகொண்டிருப்பது கிருமிக்கும் பாரம்தான். மற்றவை முந்திக்கொண்டு பெருகிவிடும். அத்தானின் எலும்புக்குள் மட்டும் மற்றவை எல்லாவற்றையும் கிளின்டமைசின் கொன்றுவிட்டது. முதல் கிழமை காய்ச்சல் விட்டது அதனால்தான். வெறுமையான எலும்பில் அந்த ஒன்றிரண்டும் ஆறுதலாகப் பெருகின. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது நாங்கள் ஏற்றிய மருந்து.

பள்ளிக்கூடத்திலிருந்தே எங்களுக்கு மரபணுவைப் பெயர் சொல்லிப் படிப்பித்தார்கள். இது இருந்தால் இது நடக்கும் என்று. இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அது எங்கே இருக்கிறது, முன்னால் என்ன கிடக்கிறது, அயலில் யார் வந்து குந்தியிருக்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் பழக்கவில்லை. சிநேகிதி அன்று இன்னும் சொன்னாள். இடம் விட்டு இடம் பாய்கிற துண்டுகள் சில உண்டாம். காலம் காலமாக உறங்கிக் கிடக்கும் ஒரு மரபணுவின் முன்னால் அப்படி ஒன்று வந்து விழுந்தால், அந்த மரபணு எழும்பி வேலை தொடங்கிவிடுமாம். கிருமியின் மரபிழையில் பெருகுவதற்காகப் பிரதியெடுக்கத் தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற மரபணு, தூர இருப்பதை விடக் கூட வாசிக்கப்படுமாம். சொல் ஒன்றுதான், இருக்கிற இடத்தைப் பொறுத்து அது பேசும் அல்லது பேசாது.

கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு நேரமாக இருந்திருந்தால் வியந்திருப்பேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. கிருமிக்குள் பக்கத்தில் இருக்கிற துண்டைப் பார்க்காமல் விட்டால் மரபணுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தட்டில் பக்கத்தில் இருக்கவேண்டிய வில்லையை வைக்காமல் விட்டால் மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே பாடம். அதைப் படித்து, புள்ளி வாங்கி, மறந்தவள் நான்.

"இனி யோசிச்சு என்னத்தைக் காணப்போறாய்," என்றாள் சிநேகிதி. அப்போதுதான் மேலே இருந்த ஆட்களின் கதையைச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் அத்தான் வீட்டு முன்விறாந்தையில் கதிரை போட்டு இருக்கப் பழகியிருந்தார். படகு முற்றத்து ஆட்கள், கோயில் ஆட்கள், ஈச்சிலம்பற்றிலிருந்து வருகிற சொந்தக்காரர் என்று யாராவது வந்துகொண்டேயிருப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஒரே கதையைச் சொன்னார். இரண்டாம் முறை சிதளைப் பார்த்து, மருந்து பிழை என்று கண்டுபிடித்து, டொக்டரிடம் ஓடினது அவருடைய மச்சாளாம். அவள் இல்லையென்றால் ஆளே இல்லையாம். கால் கடலுக்கு, உயிர் மச்சாளுக்கு என்று அவருக்கு ஒரு கணக்கு. சொல்லும்போது என் பக்கம் கையைக் காட்டுவார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வசனமும் நடந்ததுதான். அதற்கு முன்னால் இருந்த வசனம் மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏலாமல் போனது. குசினிக்குள் போனேன். அக்கா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"அக்கா, ஒண்டு சொல்ல வேணும்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அரைத்தட்டு, பட்டியலில் நான் போட்ட கீறு, டி, மலைநாட்டிலிருந்து வந்த செய்தி. அக்கா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவ. ஆனாலும் வெட்டுவதை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டா. முடிந்ததும் கேள்வி கேட்டா. நான் பயந்தது அழுகைக்கு. கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை.

"எத்தினை வில்லை வைச்சனீ?"

"ரெண்டு."

"மற்ற ஆக்களுக்கு?"

"மூண்டு."

"அப்ப இவருக்கு அந்த மூண்டாவதை வைக்க இடம் இருந்தது?"

"இருந்தது, அக்கா."

"நீ பட்டியலிலை வெட்டின அந்த வில்லை உங்கட கூடத்திலை இருந்ததோ?"

"பிரிட்ஜுக்குள்ளை இருந்தது."

அக்கா மீனைச் சட்டிக்குள் போட்டு, கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்தா. பலகையில் இருந்தா. வெளியே அத்தான் யாரோடோ சிரிப்பது கேட்டது.

"அவருக்குச் சொல்லப்போறியோ?"

"சொல்லத்தான் வந்தனான்."

"வேண்டாம்," என்றா. குரல் உயரவில்லை. "கடல் எடுத்தது எண்டு அவர் ஆறியிட்டார். கடலோடை அவருக்குக் கோவம் வராது. நீ எண்டு தெரிஞ்சால் உன்னை மன்னிப்பார். அது எனக்கு வடிவாத் தெரியும். மன்னிச்சுப்போட்டு விடிய விடிய முழிச்சுக்கொண்டு கிடப்பார். பக்கத்திலை கிடக்கிறது நான்."

"என்னாலை அவர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது அக்கா."

"ஏலாதோ?" அக்கா என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தா. "எனக்குச் சொல்லிப்போட்டாய். உனக்குக் கொஞ்சம் சுகமாயிருக்கும். இனி இதை நான் வைச்சிருக்க வேணும், அவருக்குச் சோறு போடேக்கையும், அவரைக் குளிக்க வாக்கேக்கையும். நீ ஒண்டு செய். ஞாயிற்றுக்கிழமை வாறதை விடாதை. வந்து, இருந்து, அவர் சொல்லுறதைக் கேள்."

மன்னித்தேன் என்று அக்கா இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "பேர் ஒண்டும் போடாதை" என்றா, அவ்வளவுதான். அத்தான் பேப்பரில் வாசிப்பது மரண அறிவித்தலும் காற்று எந்தப் பக்கம் என்பதும் மட்டும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஒன்றையும் விடவில்லை. சென்ற கிழமை படகு முற்றத்தில் புதிதாகச் சேர்ந்த சுழியோடி ஒருவர் அத்தானைப் பார்க்க வந்திருந்தார். படகின் அடியில் இறங்கும்போது எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று கேட்டுப்போக வந்தவர். அத்தான் அதைச் சொல்லிவிட்டு, கால் கதைக்கு வந்தார். சிப்பி வெட்டியதிலிருந்து தொடங்கி, காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது, மச்சாள் கண்டுபிடித்தது எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். புதியவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சாள்," என்றார் அத்தான், "நான் சொல்லுறது சரிதானே?"

அக்கா தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றா. கோப்பையைக் கொடுக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஓம் அத்தான்," என்றேன்.